பதினாறு கோர் பிராசஸருக்கு எந்த மதர்போர்டு?

கேள்வி: ஆவணப்படங்களையும் மேடை நிகழ்ச்சிப் பதிவுகளையும் எடிட் செய்து கொடுப்பது என் தொழில். பழைய கணினியை மாற்றிவிட்டு, ரைசன் 9 9950எக்ஸ் பிராசஸரை வைத்துப் புதிதாக ஒன்றைப் பொருத்தவிருக்கிறேன். 128 ஜிபி ராமுக்காக 32 ஜிபி ஸ்டிக் நான்கு வாங்குவதாக இருக்கிறேன். மூன்று எம்.2 (போர்டிலேயே நேராகச் செருகும்) எஸ்எஸ்டிகளும், கைவசமுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 கிராபிக்ஸ் கார்டும், பொதுச் சேமிப்பகத்தோடு இணைய 10 ஜிகாபிட் நெட்வொர்க்கும் தேவை. மதர்போர்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதே என்று நண்பர் சொன்னதால், எக்ஸ்870இ சிப்செட் (பிராசஸருக்கும் மற்ற இணைப்புகளுக்கும் இடையே நிற்கும் துணைச் சிப்) உள்ள வகையிலேயே மிக உயர்ந்த விலையுள்ள ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். அதனால் ரெண்டரிங் வேகம் கூடுமா? ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தாங்குமா? அல்லது அடுத்த தலைமுறை வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன்: ரெண்டரிங் வேகம் கூடாது. ஒரே பிராசஸரையும் ஒரே ராமையும் ஒரே கூலரையும் நடுத்தர விலையுள்ள ஒரு நல்ல போர்டிலும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள போர்டிலும் மாறி மாறிப் பொருத்தி ஒரே காட்சியை ரெண்டர் செய்து பார்த்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரே போர்டில் இருமுறை சோதிக்கும்போது வரும் ஏற்றத்தாழ்வைத் தாண்டுவது அரிது. ஏதாவது ஒரு போர்டு சோதனைகளில் தெளிவாக முந்துகிறதென்றால், பிராசஸருக்கு வகுக்கப்பட்ட மின்வரம்பை அதன் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) தொழிற்சாலை அமைப்பிலேயே தளர்த்தி வைத்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தத் தளர்வை மற்ற போர்டுகளிலும் நாமே செய்துகொள்ள முடியும். ஆனால் நாள் குறித்து வேலையை ஒப்படைக்க வேண்டிய ஒரு தொழில்முறைக் கணினியில் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. மற்ற உறுப்புகள் தம் முழு வேகத்தில் ஓடுவதற்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான் மதர்போர்டின் வேலை. எனவே, உங்களுக்குத் தேவையானவை அனைத்தையும் பொருத்திய பிறகு எது எங்கே குறுக்கே நிற்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையை வைத்தோ சிப்செட்டின் பெயரை வைத்தோ அதைச் சொல்லிவிட முடியாது.

உங்கள் நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மிகவும் மலிவான போர்டில் பதினாறு கோர் பிராசஸரைப் பொருத்தினால் அது உண்மையாகவே வேகத்தை இழக்கும். 9950எக்ஸின் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய வெப்ப அளவு) 170 வாட் என்று குறிப்பிடப்பட்டிருந்தாலும், சாக்கெட் வழியாக அது இழுப்பதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 230 வாட். பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை, சாக்கெட்டைச் சுற்றி அமைந்திருக்கும் விஆர்எம் சுற்று ஏறத்தாழ 1.2 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அந்த வோல்ட்டேஜில் 230 வாட் என்றால் கிட்டத்தட்ட 190 ஆம்பியர் ஓட வேண்டும். குறைந்த எண்ணிக்கையிலான மின்கட்டங்களுடன் (மின்சுமையைப் பகிர்ந்துகொள்ளும் சிறு சுற்றுகள்), ஹீட்சிங்க் இல்லாமல் வரும் போர்டுகளில் ஒரு நீண்ட ரெண்டரின்போது விஆர்எம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். ஐந்து நிமிடச் சோதனையில் இது தெரியாது. அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ரெண்டர் செய்யும்போதுதான் வெளிப்படும்.

ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய பிறகு கட்டங்களின் எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை. விளம்பரங்களில் 14+2+1 என்று இருந்தால், முதல் எண் கோர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கட்டங்களைக் குறிக்கும். ஒவ்வொன்றும் 80 ஆம்பியர் தாங்கக்கூடிய 14 கட்டங்கள் அந்த 190 ஆம்பியரைப் பகிர்ந்துகொண்டால், ஒரு கட்டத்தின் தலையில் விழுவது ஏறத்தாழ 14 ஆம்பியர்தான். நீங்கள் குறித்து வைத்திருக்கும் போர்டில் கட்டங்கள் இன்னும் அதிகமாகவும், ஒவ்வொன்றும் 110 ஆம்பியர் தாங்குவதாகவும் இருப்பது உண்மை. திரவ நைட்ரஜனை ஊற்றி ஓவர்கிளாக்கிங் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு அது பயன்படும். எண்ணிக்கையைவிட ஹீட்சிங்கைக் கவனியுங்கள். போர்டின் படத்தைப் பெரிதாக்கிச் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் பாருங்கள். கனமான அலுமினியத் துண்டில் காற்று புகுந்து செல்லும்படி ஆழமான வெட்டுகள் இருக்க வேண்டும். இரு துண்டுகளையும் ஒரு ஹீட்பைப் இணைத்திருந்தால் இன்னும் நல்லது. பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் சில மூடிகள், சின்ன உலோகத் துண்டின் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் உறையாக இருப்பதும் உண்டு. லிக்விட் கூலர் வைப்பதாக இருந்தால், சாக்கெட்டின் அருகே காற்றைச் சுழற்றும் மின்விசிறி இல்லாமல் போகும் என்பதால் விஆர்எம் மேலும் சூடாகும். அதற்கேற்பக் கேபினட்டின் பின்புற விசிறியைத் தவறாமல் பொருத்துங்கள்.

இனி, உங்கள் தேவையைப் பொறுத்தவரை மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். 9950எக்ஸ் பிராசஸரிலிருந்து 28 பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 தடங்கள் (தரவு செல்லும் பாதைகள்) வெளியே வருகின்றன. அவற்றில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கும், 4 முதல் எம்.2 ஸ்லாட்டுக்கும், 4 சிப்செட்டுடனான இணைப்புக்கும் போய்விடும். மிஞ்சும் நான்கு தடங்களை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் போர்டை வடிவமைப்பவர் முடிவு செய்கிறார். போர்டுகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்870, எக்ஸ்870இ என்ற பெயர்களுடன் ஒரு போர்டு வெளிவர வேண்டுமானால் அதில் யுஎஸ்பி4 (மிக வேகமான யுஎஸ்பி வகை) கட்டாயம் இருக்க வேண்டும் என்பது ஏஎம்டியின் நிபந்தனை. அதை நிறைவேற்றத் தனி யுஎஸ்பி4 சிப் வேண்டும்; அந்தச் சிப் பெரும்பாலும் அந்த நான்கு தடங்களையே எடுத்துக்கொள்கிறது. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் யுஎஸ்பி4-உம் அதே தடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே எஸ்எஸ்டியைச் செருகினால் இரண்டில் ஒன்றின் வேகம் பாதியாகக் குறையும், அல்லது ஒன்றை பயாஸில் அணைத்துவிட வேண்டியிருக்கும்.

உயர்விலைப் போர்டுகளில் வேறொரு வினோதமும் உண்டு. 5.0 வேகத்தில் ஓடும் எம்.2 ஸ்லாட்டுகள் இரண்டு மூன்று இருப்பதாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காக, கிராபிக்ஸ் கார்டின் 16 தடங்களிலிருந்து எட்டைப் பிடுங்கி அந்த ஸ்லாட்டுகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் எஸ்எஸ்டியைச் செருகிய மறுகணமே கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்8 (எட்டுத் தடம்) ஆகச் சுருங்கிவிடும். 5.0 வகைக் கார்டு வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை, ஏனென்றால் 5.0 எக்ஸ்8 என்பது 4.0 எக்ஸ்16-க்குச் சமமான கொள்ளளவு உடையது. உங்களிடம் இருப்பதோ 4.0 கார்டு. அது 4.0 எக்ஸ்8 ஆகக் குறையும்போது வினாடிக்கு 32 ஜிபி என்ற அளவிலிருந்து 16 ஜிபி அளவுக்கு இறங்கும். எடிட்டிங்கில் இது பெரிதாக உறைக்காமல் போகலாம், ஆனாலும் அதிக விலை கொடுத்து வாங்கிய போர்டே கார்டின் பாதையைக் குறுக்குவதை ஏற்றுக்கொள்ள நியாயமில்லை.

மற்ற அனைத்தும், அதாவது மூன்றாவது எம்.2, சாட்டா வட்டுகள், கீழே உள்ள விரிவாக்க ஸ்லாட்டுகள், நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி முனைகள் ஆகியவை சிப்செட்டின் வழியாகச் செல்கின்றன. பல தெருக்கள் வந்து சேரும் ஒற்றைப் பாலத்தைப் போல, அவை எல்லாம் பிராசஸரை அடைவதற்கு 4.0 வேகத்தில் நான்கு தடங்கள் மட்டுமே உண்டு. வினாடிக்குச் சுமார் 8 ஜிபிக்கு மேல் அதில் போகாது. எக்ஸ்870இ போர்டில் இரண்டு சிப்செட் சிப்புகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது சிப் முதலாவதன் வாலில்தான் தொங்குகிறது. இணைப்பு முனைகளின் எண்ணிக்கை கூடும், பாலம் அகலமாகாது. இன்டெல்லின் இசட்890 போர்டுகளில் இந்த இணைப்பு இதைப்போல் இருமடங்கு அகலமானது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவைக்கிறேன். ஆறேழு எஸ்எஸ்டிகளை ஒரே நேரத்தில் கசக்கிப் பிழிபவர் என்றால் உங்களை அந்தப் பக்கம் யோசிக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது. 4கே பதிவு வினாடிக்கு 400 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் அது வெறும் 50 எம்பி. பத்துக் கேமராக்களின் காட்சிகளை ஒன்றாக ஓடவிட்டாலும் 500 எம்பிதான். 10 ஜிகாபிட் நெட்வொர்க் முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 1.25 ஜிபி. இரண்டையும் கூட்டினாலும் அந்த 8 ஜிபியில் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். இதே கணக்கின்படி, முடிந்த வேலைகளைச் சேமித்து வைக்கும் மூன்றாவது எஸ்எஸ்டி 3.0 வேகமுள்ள ஸ்லாட்டில் இருந்தாலும் உங்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எதிர்பாராத ஒரு முடிவுக்கு வந்து சேர்கிறோம். பி850 என்ற எளிய சிப்செட்டுக்கு யுஎஸ்பி4 கட்டாயமில்லை. ஆகவே அத்தகைய பல போர்டுகளில் மிஞ்சிய அந்த நான்கு தடங்களும் நேராக இரண்டாவது எம்.2 ஸ்லாட்டுக்குப் போய்விடுகின்றன. அப்போது சிப்செட்டின் 4.0 தடங்கள் எட்டில் நான்கை மூன்றாவது எம்.2-க்கும் நான்கை விரிவாக்க ஸ்லாட்டுக்கும் கொடுக்க முடியும். கிராபிக்ஸ் கார்டு, மூன்று எஸ்எஸ்டி, ஒரு நெட்வொர்க் கார்டு என்ற உங்கள் பட்டியல், எதையும் அணைக்காமல் அதில் அப்படியே பொருந்துகிறது. பிராசஸர் ஓவர்கிளாக்கிங்கும் பி850-இல் அனுமதிக்கப்பட்டதே. (பெயர் ஒத்திருக்கிறதே என்று பி840-ஐ வாங்கிவிடாதீர்கள், அது பல விதங்களில் தாழ்ந்தது.) எனவே என் பரிந்துரை, விஆர்எம் நன்றாக அமைந்த, பி850 வகையில் மேல்நிலையில் உள்ள ஒரு ஏடிஎக்ஸ் போர்டு. யுஎஸ்பி4 வேகத்தில் ஓடும் வெளி எஸ்எஸ்டிகளில்தான் படப்பிடிப்புத் தளத்திலிருந்து காட்சிகள் உங்களிடம் வந்து சேர்கின்றன என்றால் மட்டும் நடுத்தர எக்ஸ்870இ ஒன்றைப் பாருங்கள். நீங்கள் நினைத்திருக்கும் உச்ச விலைப் போர்டில் 10 ஜிகாபிட் நெட்வொர்க் உள்ளேயே இருப்பது ஒரு வசதிதான், மறுக்கவில்லை; ஆனால் தனி நெட்வொர்க் கார்டு ஒன்றின் விலையோடு இரு போர்டுகளின் விலை வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அந்த வசதி உங்களை ஈர்க்குமா என்பது சந்தேகமே.

தனி நெட்வொர்க் கார்டு என்னும்போது ஒரு எச்சரிக்கை அவசியமாகிறது. போர்டின் கீழ்ப்பகுதியில் உள்ள நீளமான ஸ்லாட், நீளத்தில் எக்ஸ்16 போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரே ஒரு தடம் மட்டும் இணைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். 3.0 வகை நெட்வொர்க் கார்டை ஒற்றைத் தடத்தில் செருகினால் வினாடிக்கு 1 ஜிபியைத் தொடாது. 10 ஜிகாபிட்டுக்கு அது போதாது. அந்த ஸ்லாட்டில் நான்கு தடங்கள் உண்டா என்று பாருங்கள். மேலும், மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு தனக்குக் கீழே உள்ள ஸ்லாட்டை மூடிவிடும் என்பதால், உங்கள் கார்டின் தடிமனை அளந்து, மறையாமல் மிஞ்சும் ஸ்லாட் எது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவை எதுவும் பெட்டியின் மேல் எழுதியிருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் போர்டின் கையேடு இலவசமாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே அதைத் தரவிறக்கி, ஸ்லாட்டுகளைப் பற்றிய அட்டவணையையும், அதைவிட முக்கியமாக அதன் அடியில் பொடி எழுத்தில் நட்சத்திரக் குறியிட்டு எழுதியிருக்கும் வரிகளையும் படியுங்கள். "இந்த எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி இருந்தால் அந்த ஸ்லாட் எக்ஸ்8 ஆக இயங்கும்", "இதைப் பயன்படுத்தினால் சாட்டா முனைகள் இரண்டு செயல்படாது" என்பன போன்ற செய்திகள் அங்கேதான் இருக்கும். ஒரு தாளில் போர்டைக் கோட்டோவியமாக வரைந்து, உங்கள் உறுப்புகளை ஒவ்வொன்றாக அந்தந்த ஸ்லாட்டில் எழுதிப் பார்த்து, ஒரு நட்சத்திரக் குறிப்பிலும் மாட்டாமல் எல்லாம் அமர்ந்தால் அந்தப் போர்டு உங்களுக்கு ஏற்றது.

ராம் விஷயத்தில் உங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளும்படி வற்புறுத்துவேன். நான்கு ஸ்லாட் இருப்பதால் நான்கையும் நிரப்புவது இயல்பாகத் தோன்றும். ஆனால் டிடிஆர்5-இல் ஒரு சேனலுக்கு இரண்டு ஸ்டிக் போடும்போது சமிக்ஞை பலவீனப்பட்டு வேகம் வெகுவாகக் குறைகிறது. ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம், இரண்டு ஸ்டிக்குக்கு 5600 (வினாடிக்கு மெகாட்ரான்ஸ்பர் கணக்கில்). நான்கு ஸ்டிக்குக்கு 3600 மட்டுமே. நான்கு ஸ்டிக்கோடு அதைவிட வேகமாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்றாலும் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எவ்வளவு உயர்ந்த போர்டாலும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது, ஏனென்றால் வரம்பு பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரிலும் இருக்கிறது. ஆகவே 64 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரு செட்டை வாங்குங்கள்; சாக்கெட்டிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளில் பொருத்துங்கள். அந்தச் செட்டின் மாடல் எண், போர்டுக்கான மெமரி ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும். இப்போது 64 ஜிபியை வாங்கிவிட்டு, பிறகு அதே போல் இன்னொரு செட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். தனித்தனியாக வாங்கிய செட்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கணினி நிலைதடுமாறுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஆடியோ சிப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். எடிட்டிங் தொழிலில் இருக்கும் நீங்கள் வெளி ஆடியோ இன்டர்பேஸைத்தான் பயன்படுத்துவீர்கள். வண்ண விளக்குகளையும் விட்டுவிடலாம். பின்பக்க யுஎஸ்பி முனைகளை மட்டும் உங்கள் மேசையில் உள்ள கருவிகளோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாறு ஆண்டுகள் தாங்குமா என்ற கேள்விக்கு, போர்டு உடலளவில் தாங்கும் என்பதைவிட அதன் பயாஸ் எத்தனை காலம் புதுப்பிக்கப்படும் என்பதையே நான் பார்ப்பேன். 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிய செய்திகள் வந்தபோது, எஸ்ஓசி (பிராசஸருக்குள் மெமரி கண்ட்ரோலர் போன்றவை உள்ள பகுதி) வோல்ட்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் தீர்வு பயாஸ் வழியாகவே வந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களில் ஏற்பட்ட நிலைத்தன்மைக் கோளாறுக்கான மைக்ரோகோடும் (பிராசஸரின் உள்கட்டளைத் திருத்தம்) 2024 ஆகஸ்டில் தொடங்கி பயாஸ் வழியாகத்தான் பயனர்களை அடைந்தது. எனவே நீங்கள் தேர்ந்தெடுத்த போர்டின் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து, அதே நிறுவனத்தின் சில ஆண்டுகளுக்கு முந்தைய நடுத்தரப் போர்டுகளுக்கு இன்றும் பயாஸ் வெளிவருகிறதா என்று தேதிகளைப் பாருங்கள். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவைச் செருகி பயாஸைப் புதுப்பிக்க உதவும் பிளாஷ்பேக் பட்டன் இருப்பது அவசியம். கோளாறு எந்தக் கட்டத்தில் என்று காட்டும் இரண்டிலக்கத் திரை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதே வேலையை ஓரளவு செய்யும் நான்கு சிறு விளக்குகளாவது இருக்கட்டும்.

அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2027-க்குப் பிறகும் அதற்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில், 2017-இல் முதல் ரைசனுடன் தொடங்கியவர்களில் பலர் போர்டை மாற்றாமலேயே 5000 வரிசை வரை ஏறி வந்தார்கள். அதே வசதி உங்களுக்கும் கிடைக்கக்கூடும். போர்டில் மிச்சமாகும் தொகையை 64 ஜிபி ஸ்டிக்குகளுக்கும், தரமான பவர் சப்ளைக்கும் கூலருக்கும் செலவிடுங்கள்.

பொருத்தி முடித்து முதல்முறை இயக்கும்போது, 128 ஜிபி ராமைப் போர்டு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை இருண்டே இருக்கும். பழுதென்று எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். அதன் பிறகு பயாஸைப் புதுப்பித்து, எக்ஸ்போ (ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும்) அமைப்பை இயக்கி, ஓர் இரவு முழுவதும் மெமரி சோதனையை ஓடவிடுங்கள். எல்லா எம்.2 ஸ்லாட்டுகளிலும் எஸ்எஸ்டிகளைச் செருகிய நிலையில், ஜிபியு-இசட் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்16 4.0 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். சும்மா இருக்கும்போது கார்டு மின்சிக்கனத்துக்காக வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், சுமை கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எக்ஸ்8 என்று வந்தால் எஸ்எஸ்டியை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால், திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் போர்டின் மாடல் பெயரோடு எனக்கு எழுதுங்கள்.